செவ்வாயும் வெள்ளியும்

என் வேலை என்னவென்று ஒரே வாக்கியத்தில் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டரா என்பார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று முழுசாகச் சொன்னால், "ஓ, பிசியோவா?" என்று தோள்பட்டை வலியைக் காட்டுவார்கள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் என் அம்மா லூர்துமேரிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "மன்சு சரியில்லாதவங்களுக்கு சோறு வடிக்கவும் துணி மடிக்கவும் சொல்லிக் குடுக்குற. அதுக்கா எஸ்தரு நாலரை வருசம் படிச்ச?" என்பாள். ஆமாம்மா என்பேன். மருந்து நோயை அடக்கிவிடும். அடங்கிய பிறகு, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அந்த மனிதர் என்ன செய்வார்? அந்த இடத்தில்தான் எனக்கு வேலை.

ஜூன் முதல் வாரத்தில் புனேயிலிருந்து நிரஞ்சன் என்பவர் கூப்பிட்டார். அவருடைய அண்ணன் சாய்நாத் மந்தைவெளியில் இருக்கிறார்.

"மேடம், அண்ணாவுக்கு நாப்பத்தேழு வயசு. இருபத்திரெண்டுல ஸ்கிசோஃப்ரினியா வந்தது. பத்து வருஷமா மருந்துல ஸ்டெடியா இருக்கான். மத்தது எல்லாம் அம்மாதான் பாத்துண்டா. பிப்ரவரில அம்மா போயிட்டா. சித்தி ரெண்டு மாசம் வந்து இருந்தா, அவளுக்கும் முடியல. கேளம்பாக்கம் பக்கத்துல ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். ஆனா அனுப்ப மனசு வரல. அவனால தனியா இருக்க முடியுமா முடியாதான்னு யாராவது பாத்துச் சொன்னா தேவலை."

மூன்று மாதம் வேண்டும் என்றேன். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். கடைசியில் ஓர் அறிக்கை. ஒப்புக்கொண்டார்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு, இரண்டாவது மாடி. கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தவர் உயரமாக, ஒல்லியாக, நாலு நாள் தாடியோடு இருந்தார். சட்டைப் பட்டன்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.

"டாக்டரா?"

"டாக்டர் இல்ல சார். எஸ்தர்."

"டீச்சரா?"

"டீச்சரும் இல்ல."

"அப்போ எஸ்தர்னே கூப்பிடறேன்" என்று சங்கிலியைக் கழற்றினார்.

யாரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்? ஒரு தாளில் கடிகாரம் போல வட்டம் வரைந்து, சொல்லச் சொல்ல நிரப்புவேன். சாய்நாத் சொன்னார்: "எழுந்தேன். ஒக்காந்தேன். மாத்திரை போட்டுண்டேன். படுத்துண்டேன்." வட்டத்தில் முக்கால் பாகம் வெள்ளையாகவே நின்றது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். ரொட்டி, வாழைப்பழம், மதியம் ஒரு மெஸ்ஸிலிருந்து வரும் கேரியர். பீரோவைத் திறந்து காட்டினார். இஸ்திரி போட்ட சட்டைகள் எட்டு அடுக்கியிருந்தன. போட்டிருந்ததும் கொடியில் கிடந்ததுமாக இரண்டு சட்டைகளைத்தான் மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஏன் சார் போடறதில்ல?"

"அது அம்மா மடிச்சது. கலைச்சா எனக்குத் திரும்ப மடிக்கத் தெரியாது."

சமையலறை வாசலில் வந்து நின்றவர் உள்ளே கால் வைக்கவில்லை. "அம்மா யாரையும் உள்ள விடமாட்டா. என்னையும்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, எதையோ முடிவு செய்தவர் போல, "நீங்க வாங்கோ" என்றார். அந்த 'வாங்கோ'வுக்கு அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் கழுத்தில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது.

அலமாரியில் பதினாறு எவர்சில்வர் டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு. துவரம்பருப்பு எதில் இருக்கிறது என்று கேட்டேன். மூடியைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார்.

"இது உளுந்து. இது கடுகு. இதான் துவரம்பருப்பு."

திறந்தேன். துவரம்பருப்புதான்.

இருபத்தைந்து வருஷம் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அம்மா சமையலறையில். ஒரு சமையலையும் கண்ணால் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கடுகு வெடித்து எவ்வளவு நேரம் கழித்துப் பெருங்காயம் விழும், ரசம் நுரைக்கும்போது எந்தச் சத்தம் நின்றுபோகும் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். பயிற்சியை எங்கே தொடங்குவது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல் எழுதி சுவரில் ஒட்டுவதுதான் வழக்கம். இவருக்குச் சுவரில் எதுவும் தேவைப்படாது.

குக்கர்தான் தொல்லை கொடுத்தது. விசில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பால்கனிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொள்வார். விசில் அடித்தால் அம்மா வந்து அணைப்பாள். அம்மா இல்லாமல் அது அடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்பது அவர் பயம். முதல் வாரம் பால்கனியிலிருந்து எண்ணினார். அடுத்த வாரம் கூடத்திலிருந்து. மூன்றாவது வாரம் சமையலறை வாசலில் நின்று, மூன்றாவது விசிலுக்கு உள்ளே ஓடி வந்து அடுப்பின் குமிழைத் திருப்பிவிட்டு, ரயிலைப் பிடித்தவர் போல மூச்சு வாங்கினார்.

"ஆச்சு," என்றார். "அணைச்சுட்டேன்."

அன்று அந்தச் சாதத்தை இருவரும் தட்டில் போட்டுக்கொண்டு மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டோம். சாப்பிட்டுப் பார்ப்பதும் மதிப்பீட்டில் சேர்த்தி என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது கொஞ்சம் உறுத்தியது. கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் நான் தனியாக இருந்தேன். என் கல்யாணம் இரண்டே வருஷத்தில் முடிந்துபோனது. அம்மா வீட்டில் தம்பி பாரத், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று கால் நீட்ட இடமில்லை. கேள்விகளுக்கு மட்டும் எப்போதும் இடம் இருந்தது. ஊருக்கெல்லாம் சமைக்கக் கற்றுக்கொடுக்கும் நான், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே ஒரு பன்னையும் தயிர்ப் பாக்கெட்டையும் முடித்துவிடுவேன். இன்னொருவரோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன்.

ஏழாவது முறை போனபோது அவரைக் கீழே அழைத்துப்போனேன். தெருமுனையில் அன்புச்செல்வியின் காய்கறி வண்டி. கத்திரிக்காய் வாங்குவதென்று மாடியிலேயே முடிவு செய்திருந்தோம். வண்டி முன்னால் நின்றதும் சாய்நாத் வாயைத் திறக்கவில்லை. அன்புச்செல்வி முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவரை.

"இன்னா சார், நீ வந்துகீற? உங்கம்மா வர்ல? நாலு மாசமா ஆளையே காணோமேன்னு பாத்துக்கினே கீறேன். வெளியூரு போய்ட்டாங்களா?"

நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கைப்பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா போயிட்டா. பிப்ரவரி பதினொண்ணு. கார்த்தால."

அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்புச்செல்வி தராசைக் கீழே வைத்தாள்.

"அய்யோ. மெய்யாலுமா? எனக்கு யாரும் சொல்லல சார். போற அன்னிக்கு முந்தின நாளு கூட பூசணிக்கா வாங்கிக்கினு போனாங்களே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தானே அரைக் கிலோ கத்திரிக்காயைப் பொறுக்கி அவர் பையில் போட்டாள். "உங்கம்மா சின்னதாத்தான் எடுப்பாங்க. பெருசு எடுக்காத, வெத இருக்கும்."

மாடிப்படி ஏறும்போது சாய்நாத், "அவா அழுதா, பாத்தேளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆத்துல யாரும் அழல. எல்லாரும் வந்து, நான் என்ன ஆவேன்னு பேசிண்டிருந்தா."

ஜூலை முழுவதும் இப்படியே போனது. வாஷிங் மெஷின், ஏ.டி.எம்., வாரத்து மாத்திரைகளை ஏழு அறை டப்பாவில் பிரித்துப் போடுவது. எட்டு சட்டைகளில் ஒன்றை எடுத்து உடுத்தினார், துவைத்தார், நாலு தடவை கலைத்துக் கலைத்து மடித்தார். சாப்பிடும்போது ஒரு நாள் கேட்டார்:

"உங்காத்துல என்ன சமையல் பண்ணுவா?"

"மீன் குழம்பு சார். எங்கம்மா மீன் விக்கிறவங்க."

அதைக் கொஞ்ச நேரம் மென்றார். முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன்.

"அதுக்கு எத்தனை விசில்?"

"மீனைக் குக்கர்ல வைக்கமாட்டாங்க சார். கரைஞ்சிடும்."

"ஓ," என்றார். "அப்போ சத்தமே இருக்காது." எனக்கு வந்த சிரிப்பில் புரையேறியது. அவரும் சிரித்தார். முன்பற்களில் ஒன்று இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் நடுவில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். உற்சாகப்படுத்தத்தான் சொன்னேன். "இன்னும் நாலு வாரம்தான் சார் பாக்கி. நீங்க போற வேகத்துக்கு அதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம் போல."

அடுத்த வெள்ளிக்கிழமை சாதம் அடிப்பிடித்திருந்தது.

யாருக்கும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை போனால் சட்டைப் பட்டன் பழையபடி ஒன்று தள்ளியிருந்தது. வாஷிங் மெஷினுக்குள் ஈரத்துணி இரண்டு நாளாகக் கிடந்து நாறியது. அதற்கடுத்த வெள்ளி, மாத்திரை டப்பாவில் புதன், வியாழன் அறைகள் திறக்கப்படாமல் இருந்தன. அடையாறில் அவரைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் அன்று மாலையே அழைத்துப்போனேன். அரைமணி நேரம் பேசிவிட்டு மருத்துவர் வெளியே வந்து, "நோய் திரும்பற மாதிரி எதுவும் தெரியல எஸ்தர். பேச்சு தெளிவா இருக்கு. தூக்கம் நல்லா இருக்கு. எனக்கும் புரியல" என்றார்.

வாரா வாரம் நிரஞ்சனுக்கு நிலவரம் சொல்ல வேண்டும். மறைக்க முடியாது, சொன்னேன்.

"ஒண்ணாம் தேதி அந்த ஹோம்ல ஒரு இடம் காலியாறதாம் மேடம். நேத்துதான் கூப்பிட்டுச் சொன்னா. சரின்னு சொல்லிடட்டுமா?"

"ஒரு வாரம் குடுங்க சார்," என்றேன்.

அடுத்த செவ்வாய் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனைக்கு வரும்போது அன்புச்செல்வி கூப்பிட்டாள்.

"இன்னா மேடம், மூஞ்சி தொங்கிப்போய் கீது?"

"ஒண்ணும் இல்லக்கா. மாடி சார் பழையபடி ஆயிட்டாரு. அதான்."

"யாரு, நம்ப சாரா? இன்னா மேடம் சொல்ற? டெய்லி கரெக்டா எட்டு மணிக்கு வர்றாரு. நேத்து முருங்கக்கா வாங்கினாரு. சாம்பார்ல போடறதுக்கு எம்மாம் நீளம் வெட்டணும்னு கேட்டாரு, நான் வெரலக் காட்டினேன். சாயங்காலம் வந்து, நல்லா வந்துச்சும்மான்னு சொல்லிக்கினு போனாரு. வெள்ள சட்ட, இஸ்திரி போட்டுக்கினு, மாப்ள மாறி."

வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள் ஏதோ சரியாகப் போய்ப் பொருந்தியது. பதினாறு டப்பாவையும் காதால் பிரிக்கிறவர். அடுத்த அறையிலிருந்து ரசம் நுரைப்பதைக் கேட்டவர். அவருக்கா சாதம் அடிப்பிடிப்பது கேட்கவில்லை?

மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தார். அழுக்குச் சட்டை, பட்டன் தள்ளி. எதுவும் கேட்காமல், "இன்னிக்குப் பால் காய்ச்சிக் காட்டுங்க சார்" என்றேன்.

பாக்கெட்டை வெட்டிப் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். நான் வாசலில் நின்றேன். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாலின் ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்தன. ஏடு சுருங்கியது. வலது கை குமிழின் மேலேயே இருந்தது. பால் எழும்பியது. விரல்கள் குமிழை இறுக்கிப் பிடித்தன, ஆனால் திருப்பவில்லை. பால் வழிந்து பர்னரை நனைத்து ஓசையோடு தீய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார், வலிக்கிறாற்போல.

நான் போய் அணைத்தேன்.

"நேத்து முருங்கைக்கா சாம்பார் எப்படி வந்தது சார்?"

மேடையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார் கடைசியில்.

"மாத்திரை?"

உள்ளே போய் அட்டைகளைக் கொண்டுவந்தார். டப்பாவில் இருந்ததைத் தொடாமல் அலமாரியில் இருந்த புது அட்டைகளிலிருந்து எடுத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. "மருந்தை விடமாட்டேன் எஸ்தர். விட்டா என்ன ஆகும்னு உங்களை விட எனக்குத் தெரியும்."

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"நன்னா பண்ணிட்டா நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேள். நாலு வாரம்னேளே." துணியை எடுத்து மேடையைத் துடைத்தார், ஒழுங்காக, மூலையெல்லாம். "செவ்வாய், வெள்ளி. மத்த அஞ்சு நாளும் இந்த ஆத்துல என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோறது. டெலிவரி பையன்ட்ட 'தேங்க்ஸ்'னு சொல்றது மட்டும்தான். உங்களுக்குப் புரியுமோ என்னமோ."

எனக்குப் புரிந்தது, இருந்தும் முதலில் கோபம்தான் வந்தது. என் இரண்டு வாரத் தூக்கம், டாக்டரிடம் அலைந்த அலைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அது வடிந்ததும் வெட்கம் வந்தது. ஒரு மனிதருக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு, அதை யாருக்காகச் செய்வார் என்று நான் கேட்கவே இல்லை.

"சார், நீங்க மோசமா பண்ணா நான் வந்துகிட்டே இருப்பேன்னு நினைச்சீங்க. உங்க தம்பி என்ன நினைக்கிறாரு தெரியுமா? ஒண்ணாம் தேதி ஹோம்ல இடம் காலியாகுதாம்."

அவர் கையிலிருந்த துணி நின்றது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"அது தெரியாது," என்றார். "நிரஞ்சன் என்கிட்ட சொல்லல. யாருமே என்கிட்ட சொல்றதில்ல."

அன்று மதியம் பஸ்ஸில் உட்கார்ந்து அறிக்கையை மனதுக்குள் எழுதினேன். 'மேலும் மூன்று மாதப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.' ஒரே வரி. நிரஞ்சன் நல்ல மனிதர், மறுக்கமாட்டார். சாய்நாத்துக்கு சந்தோஷம். எனக்கும் வாரத்தில் இரண்டு நாள் சூடான சாதம். தி.நகர் வரும்வரை அந்த வரி சரியாகத்தான் இருந்தது. பனகல் பூங்காவைத் தாண்டும்போது, அவர் குமிழைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது ஞாபகம் வந்தது. நான் அந்த வரியை எழுதினால் அவர் இன்னும் மூன்று மாதம் தெரியாதவராகவே இருந்து காட்டவேண்டும்.

வீட்டுக்குப் போய், அந்த இரண்டு வார நடிப்பையும் சேர்த்து உண்மையை எழுதினேன். சமையல், துணி, மருந்து, வங்கி, வெளியே போய்வருதல், எல்லாவற்றிலும் பிறர் உதவி தேவையில்லை. பிறகு படிவத்தில் இடமே இல்லாத ஒன்றைக் கீழே சேர்த்தேன்: இவருக்கு எல்லாம் செய்யத் தெரியும். வாரத்தில் சில வேளையாவது யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

நிரஞ்சன் போனில் அழுதார். "அம்மா இருந்தா நம்பியிருக்கமாட்டா மேடம். ரொம்ப தேங்க்ஸ்." மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்போ இனிமே உங்களுக்கு வேலை இல்லைதானே?" என்றார். அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டேன். "நான் புனேல இருக்கேனே மேடம். என்ன பண்ணட்டும்? தினம் போன் பண்றேன்" என்றார். பண்ணவும் செய்தார். மூன்று நிமிஷம்.

மிச்சமிருந்த நாட்களில் எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் பார்த்தேன். அடையாறில் இவரைப் போன்றவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். காகித உறை செய்தார்கள், மத்தியானம் பாட்டுப் போட்டார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, "எல்லாரும் நல்லவா. ஆனா எல்லாரும் உடம்பு சரியில்லாதவா. எனக்கு அது மட்டுமே ஞாபகம் வந்துண்டிருக்கு" என்றார். மறுபடி போகவில்லை. நூலகத்தில் பேசக்கூடாது. கோயிலில் தெரிந்தவர்கள் பார்த்தால், "அம்மா போனப்புறம் எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறார்களாம்.

செப்டம்பர் இரண்டாம் வெள்ளி கடைசி நாள். வெண்டைக்காய்க் கறி, தக்காளி ரசம், அப்பளம். நீலக் கட்டம் போட்ட சட்டை. சாப்பிட்டு முடித்துக் கையெழுத்து வாங்கினேன். அவசரமென்றால் கூப்பிடலாம் என்று என் போன் நம்பரை எழுதிக்கொடுத்தேன். பயிற்சி முடிந்துவிட்ட ஒருவரை நாங்கள் போய்ப் பார்க்கக்கூடாது, நட்பு வைத்துக்கொள்ளக்கூடாது. காரணங்கள் எல்லாம் சரியான காரணங்கள்.

"இனிமே செவ்வாய்க்கிழமை எங்க போவேள்?"

"கோபாலபுரத்துல ஒரு அம்மா சார். பக்கவாதம். வலது கை வராது."

"அவா சமைப்பாளா?"

"இடது கையால கத்துக்கணும்."

"ஒரு கையால தேங்கா எப்படித் துருவுவா?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். வாசல்வரை வந்தார். நான் இரண்டு மாடி இறங்கி முடித்த பிறகும் கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய், பதினோரு மணிக்குப் போன் வந்தது. பதறி எடுத்தேன்.

"எஸ்தர், கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில்?"

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். "ராத்திரியே ஊற வெச்சீங்களா?" என்று கேட்டேன். வைத்தாராம். "அப்ப அஞ்சு." கோபாலபுரம் அம்மா தேங்காய் துருவினாளா என்று விசாரித்தார். துருவியை மேடையில் திருகிப் பொருத்திவிட்டோம் என்றேன். "ஓ, அப்படியா" என்று ரொம்ப நிம்மதிப்பட்டார். நாலு நிமிஷம் பேசினோம்.

அடுத்த செவ்வாயும் அதே நேரம். சேனைக்கிழங்கு கை அரிக்காமல் இருக்க என்ன செய்யணும். அதற்கடுத்து, மழைநாளில் துணி காயவில்லையே. நான் விதியை மீறுகிறேனா என்று யோசித்தேன். கூப்பிடுவது அவர், கேட்பது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் பத்தே முக்காலுக்குக் கோபாலபுரம் அம்மாவைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு பால்கனிக்கு வந்து நிற்க ஆரம்பித்திருந்தேன். ஆறு செவ்வாய்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய், போன் வரவில்லை. பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. மூன்று நாளாக மழை. மாடிப்படி வழுக்குமே என்று நினைத்தேன். மாத்திரையை நினைத்தேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்று நானே கூப்பிட்டேன். ஏழெட்டு முறை அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், ஆட்டோ ஹாரன், யாரோ பேரம் பேசும் குரல்.

"சார், நல்லா இருக்கீங்களா? காலைல கூப்பிடலையே?"

"யாரு, எஸ்தரா? அடடா, இன்னிக்குச் செவ்வாயா! அன்புச்செல்வி மருமகளை ஸ்கேனுக்குக் கூட்டிண்டு போயிருக்கா. வண்டியைப் பாத்துக்கோ சார்னு சொல்லிட்டுப் போயிட்டா. போன வாரமும் ரெண்டு நாள் பாத்துண்டேன். மத்தியானம் அவளும் நானும் மாடிப்படில ஒக்காந்து சாப்பிடறோம், என் ரசம்னா அவளுக்கு—" குரல் விலகியது. "பெருசு எடுக்காதீங்கோ மாமி, வெத இருக்கும். சின்னதா பாத்து எடுங்கோ." மறுபடி அருகில் வந்தது. "கூட்டமா இருக்கு எஸ்தர். அப்புறம் பேசட்டுமா?"

"சரி சார், பேசுங்க."

வைத்துவிட்டார். கே.கே. நகர் பஸ் வந்தது. இடம் இருந்தும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. நான் தேடி அலைந்தும் கிடைக்காததை அவர் தெருமுனையிலேயே கண்டுபிடித்துக்கொண்டார். நல்ல செய்தி, இந்த வேலையில் இதைவிட நல்ல செய்தி வருவதில்லை. அதைச் சொல்ல யாரைக் கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அம்மா கடையில் இருப்பாள், கை ஈரமாக இருக்கும். வேறு பெயர் எதிலும் விரல் நிற்கவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

டிசம்பரில் நிரஞ்சன் பேசினார். குரலில் சங்கடம். "மேடம், அண்ணா காய்கறி வண்டிகிட்ட ஸ்டூல் போட்டுண்டு ஒக்காந்துண்டிருக்கானாம். பக்கத்தாத்து மாமா போன் பண்றார். எங்க குடும்பத்துல... எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அது பரவாயில்லையா?"

"அவர் எப்படி இருக்காரு சார்? உங்ககிட்ட எப்படிப் பேசறாரு?"

யோசித்தார். "இப்பல்லாம் போனை வெக்கச் சொல்றான் மேடம். கஸ்டமர் வந்துட்டாங்கறான்." தன்னையறியாமல் சிரித்துவிட்டார்.

"அப்ப விட்டுடுங்க சார். அது பரவாயில்ல. ரொம்ப நல்லது."

அன்று சாயங்காலம் கே.கே. நகர் வீட்டில் சாய்நாத்தின் கோப்பில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, முடிந்தவர்களின் கோப்புகளோடு வைத்தேன். மணி ஐந்தரை இருக்கும். மழை விட்டிருந்தது. பக்கத்துப் போர்ஷனில் பாத்திரச் சத்தம், எண்ணெயில் எதுவோ பொரியும் வாசனை. இரண்டு பெண்கள் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் அவர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.